வழக்கம் என்னும் பெயரில் ஒரு சலுகை

(கேரள எல்லையோரத் தமிழ்க் கிளைகளுக்கான கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வகுப்பிற்குத் தரப்பட்டுள்ள தலைப்பு ‘நிறவெறியும் நமது கடமையும்’ என்பது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் படும் கொடுமைகளையும், தென்னாப்பிரிக்காவில் 1948 தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அரசின் சட்டமாகவே இருந்த இன ஒதுக்கலையும் விரித்துரைத்து, முடிவில் ஒரு கண்டன முழக்கம் எழுப்பிக் கலைந்துவிடலாம். அப்படிச் செய்தால் இங்கு அமர்ந்திருக்கும் எவருக்கும் சங்கடம் நேராது. கடல் கடந்த கொடுமையைக் கண்டிப்பதற்கு நாம் எதையும் இழக்க வேண்டியதில்லை.

ஆனால் நாம் கொல்லங்கோட்டிலிருந்தும் முதலமடையிலிருந்தும் சித்தூரிலிருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் மறையூரிலிருந்தும் வட்டவடையிலிருந்தும் வந்திருக்கிறோம். இந்தத் தலைப்பை நம் ஊர்த் தேநீர்க் கடையில் வைத்துப் படிக்காவிட்டால் அதைப் படித்ததாகவே பொருளில்லை. எனவே உலகச் செய்திகளை நம் ஊரை விளங்கிக்கொள்ளத் தேவையான அளவிற்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பெயரில்லாத ஒன்று

கட்சி ஆவணங்களையும் பிறநாட்டுக் கட்டுரைகளையும் தமிழாக்கும் பணியில் அடிக்கடி இடறும் சொற்களில் ஒன்று ‘பிரிவிலேஜ்’. இலத்தீன் மூலத்தில் அது ‘தனியார்க்கான சட்டம்’ என்று பொருள்படும். ஊருக்கெல்லாம் ஒரு சட்டம். ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் வேறொரு சட்டம். அகராதிகள் இதற்குச் ‘சலுகை’ என்றும் ‘சிறப்புரிமை’ என்றும் தருகின்றன. இரண்டுமே எனக்குப் போதியனவாகத் தோன்றியதில்லை.

சலுகை என்ற சொல்லை நம் ஊர்களில் எவரைக் குறித்து வழங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இடஒதுக்கீட்டில் கல்லூரிக்குப் போகும் தலித் மாணவியைக் குறித்து, தொகுப்பு வீடு பெற்ற குடும்பத்தைக் குறித்து, ‘எல்லாச் சலுகையும் அவர்களுக்குத்தான்’ என்கிறார்கள். அரசமைப்புச் சட்டம் வழங்கிய உரிமைக்கு நம் பேச்சில் சலுகை என்று பெயர். பிறந்த நாள் முதல் எந்தக் கடையிலும் எந்த இருக்கையிலும் அமரலாம், எந்தக் குழாயிலும் தண்ணீர் பிடிக்கலாம், அறுபது வயதுக்காரரை ஆறு வயதிலேயே ‘வாடா’ என அழைக்கலாம் என்ற ஏற்பாடு இருக்கிறதே, அதற்கு என்ன பெயர்? அதற்கு ‘வழக்கம்’ என்று பெயர். ‘மரியாதை’ என்று பெயர். ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்று பெயர். உண்மையான சலுகை எதுவோ அதைச் சலுகை என்று சொல்லும் வாய்ப்பே நம் பேச்சில் இல்லாமல் போயிற்று. அனுபவிப்பவரின் கண்ணுக்கு அது தெரியாமல் இருப்பதற்கு இந்தப் பெயரின்மை ஒரு காரணம்.

இலக்கணத்திலேயே இதைக் காணலாம். தமிழில் அர் விகுதி உயர்வைக் குறிக்கும். அன் விகுதியில் அந்த உயர்வு இல்லை. கொங்குப் பகுதியிலும் அதனை ஒட்டிய பாலக்காட்டுக் கிழக்கு ஊர்களிலும் நிலமுடையவர் ‘கவுண்டர்’. அவர் வீட்டில் உழைப்பவர் ‘சக்கிலியன்’. அரசின் பட்டியலைத் திறந்து பாருங்கள்: பறையன், பள்ளன், சக்கிலியன் என்று அங்கும் அன் விகுதியே நிற்கிறது. சுதந்திர நாட்டின் அரசு ஆணைகூட ஊர்ப் பெரியதனக்காரரின் வாய்மொழியை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரு விகுதியில் எவ்வளவு அடக்குமுறை அடங்கியிருக்கிறது என்பதைத் தமிழ் படித்தவர்களைக் காட்டிலும் அந்த விகுதியால் அழைக்கப்பட்டவர்கள் நன்றாக அறிவார்கள்.

இனமும் சாதியும்

‘நிறவெறி வேறு, சாதி வேறு; இரண்டையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?’ என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மையே. கோவிந்தாபுரத்துத் தேநீர்க் கடையில் நிற்கும் இருவரின் தோலின் நிறத்தைப் பார்த்துச் சாதியைச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் எந்தத் தெரு, யார் மகன், எங்கே வேலை என்ற விசாரணை நம் ஊர்களில் இடைவிடாமல் நடக்கிறது. தோல் செய்யும் வேலையை இங்கே தெருவின் பெயர் செய்கிறது. ஆனால் பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது, தொழிலைப் பிறப்போடு கட்டுவது, கலப்பு மணத்தைக் குற்றமாக்குவது, பொது இடத்தைப் பிரித்து வைப்பது ஆகிய நான்கும் இரண்டிற்கும் பொது.

இந்த உறவை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜோதிராவ் புலே 1873-இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946-இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவைப் பற்றி விசாரித்தார். மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் கேரளத்திற்கு வந்தபோது திருவனந்தபுரத்தில் தலித் குழந்தைகள் படித்த பள்ளி ஒன்றிற்குச் சென்றார். பள்ளித் தலைவர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்றே மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்துபோனதாகவும், பின்னர் தம் மக்களின் வாழ்வை எண்ணிப் பார்த்து அது உண்மையே என ஒப்புக்கொண்டதாகவும் கிங் 1965-இல் தம் தேவாலயச் சொற்பொழிவில் கூறினார்.

நம் நாட்டு ஆட்சியாளர்களோ இந்த ஒப்பீட்டிலிருந்து தப்பியோடினார்கள். இனப்பாகுபாட்டிற்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 1965-இல் நிறைவேறியது. இனம், நிறம் என்பவற்றோடு ‘வம்சாவளி’ என்ற சொல்லும் அதில் இடம்பெற வேண்டும் என்று முன்மொழிந்ததே இந்தியத் தூதுக்குழுதான். ஆனால் 2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நிறவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடியபோது, அங்கே சாதியைப் பேசக் கூடாது என்று வாஜ்பாய் அரசு பிடிவாதம் பிடித்தது. மறு ஆண்டே, வம்சாவளிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என ஐ.நா. குழு தெளிவுபடுத்திவிட்டது. உலக அரங்கில் வெட்கப்பட்ட அரசு, ஊர் அரங்கில் வெட்கப்படவில்லை.

கோவிந்தாபுரமும் வட்டவடையும்

‘கேரளத்தில் இதெல்லாம் ஒழிந்துவிட்டதே’ என்பது அடுத்து எழும் குரல். 1924-இல் தொடங்கிய வைக்கம் சத்தியாகிரகமும், 1947-48-இல் கம்யூனிஸ்டுகள் முன்னின்ற பாலியம் போராட்டமும் இந்த மண்ணைப் புரட்டிப் போட்டவைதாம். பாலியத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காக ஏ.ஜி. வேலாயுதன் உயிரைக் கொடுத்தார். பாலக்காட்டில் கல்பாத்தி அக்ரகாரத் தெருவில் நடப்பதற்காக ஈழவர்கள் 1920-களில் அடிபட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த அலை எல்லையோரத் தமிழ் ஊர்களின் உட்தெருக்கள் வரை வந்து சேரவில்லை.

பாலக்காடு மாவட்டம் முதலமடை ஊராட்சியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி. அங்கு வாழும் அருந்ததியர் குடும்பங்கள் இரட்டைக் குவளையையும், தண்ணீர்க் குழாயில் பாகுபாட்டையும், முடிதிருத்தும் கடையில் மறுப்பையும் பற்றி 2017-இல் வெளிப்படையாகப் பேசினார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் சாதி மறுப்புத் திருமணத்தை ஒட்டி மோதல் வெடித்த பிறகே அந்த ஊரின் பெயர் கேரளம் முழுவதும் தெரியவந்தது. நெடுங்காலமாக நடந்துவந்தது 2017 ஜூன் மாதத்தில்தான் செய்தியாயிற்று. அந்நாட்களில் எழுந்த குற்றச்சாட்டுகளில் நம்மைச் சுட வேண்டிய ஒன்றும் உண்டு. இடதுசாரிகளின் உள்ளூர் ஊழியர்கள் ஆதிக்க சாதியினரின் பக்கமே சாய்ந்தார்கள் என்று காலனி மக்கள் சொன்னார்கள். அதை எதிரிகளின் பிரச்சாரம் என்று ஒதுக்குவதற்கு முன், அப்படி நினைக்கும் இடத்திற்கு அவர்களை யார் கொண்டுவந்தது என்று கேட்பது கம்யூனிஸ்டுகளின் கடமை.

இடுக்கி மாவட்டத்தின் வட்டவடை, 2018 ஜூலை 2-ஆம் நாள் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் மதவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்ட மாணவத் தோழர் அபிமன்யுவின் ஊர். காய்கறிக்குப் பெயர்பெற்ற அந்த மலையூரிலும் அருந்ததியர்களுக்கு முடிதிருத்த மறுத்தார்கள். முடி வெட்டிக்கொள்ள அவர்கள் நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து மூணாறுக்குச் செல்ல வேண்டியிருந்தது. போக்குவரத்துச் செலவு போகட்டும். ஒரு நாள் கூலி போகட்டும். தன் மகனைக் கூட்டிக்கொண்டு ஊரிலுள்ள கடையைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்திற்கு நடக்கும் தந்தை, ‘ஏன் இங்கே வெட்டக் கூடாது?’ என்ற மகனின் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்? 2020 செப்டம்பரில் வட்டவடை ஊராட்சி, எல்லோருக்குமான பொது முடிதிருத்தகத்தைத் திறந்தது. வரவேற்க வேண்டிய நடவடிக்கை. ஆனால் அதோடு வேலை முடிந்துவிடவில்லை. அதைப் பற்றிப் பின்னர் வருகிறேன்.

முடிதிருத்தும் தொழிலாளியைக் கேட்டால் எங்கும் ஒரே விடை கிடைக்கும்: ‘எனக்கு ஒன்றுமில்லை, இவர்களுக்கு வெட்டினால் மற்றவர்கள் வரமாட்டார்கள்.’ சாதியின் இயக்கத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அவரும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்தாம். கதவை மூடுவது அவர் கை. மூடவைப்பது கடைக்கு வெளியே நின்று ஒன்றும் பேசாத வாடிக்கையாளரின் கை.

இரண்டாவது கூலி

இங்கே டுபாய்ஸ் நமக்கு உதவுகிறார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தை ஆராய்ந்து 1935-இல் அவர் எழுதிய பெருநூலில் ஒரு கேள்வி இருக்கிறது. தென் மாநிலங்களில் வெள்ளைத் தொழிலாளியும் கறுப்புத் தொழிலாளியும் ஏன் ஒன்றுசேரவில்லை? இருவரையும் சுரண்டியவர் ஒருவரே. அவர் தரும் விடை இது: வெள்ளைத் தொழிலாளிக்குக் கிடைத்த பணக்கூலி குறைவுதான், ஆனால் அதோடு சேர்த்து இன்னொரு கூலியும் கொடுக்கப்பட்டது. பொது இடத்தில் மரியாதை, நல்ல பள்ளி, காவலரின் பரிவு, ‘நான் அவன் இல்லை’ என்ற மனநிறைவு ஆகியவையே அந்தக் கூலி. அதைக் காப்பாற்றிக்கொள்ள அவன் தன் பணக்கூலியைத் தானே தாழ்த்திக்கொண்டான்.

அம்பேத்கரும் 1936-இல் ஏறத்தாழ இதே இடத்திற்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார். சாதி வேலையைப் பங்கிடுவதோடு நிற்கவில்லை, வேலை செய்வோரையே ஏணிப்படிகளில் நிறுத்திப் பிரித்துவிட்டது என்று காட்டினார். ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் மேலே ஒரு கால், கீழே ஒரு தலை. மேலே இருக்கும் காலைத் தள்ளுவதற்கு முன், கீழே இருக்கும் தலையை இழந்துவிடுவோமோ என்ற அச்சம்.

எல்லையோரத் தமிழர்களாகிய நம் நிலை இதை விளங்கிக்கொள்ள மிகவும் ஏற்றது. நாம் இருவகையிலும் அனுபவப்பட்டவர்கள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பாலக்காடும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அன்றிலிருந்து அலுவலகத்தில் மலையாளப் படிவத்தை நீட்டும்போதும், பேருந்தில் ‘பாண்டி’ என்ற சொல் காதில் விழும்போதும் நமக்கு எப்படி இருக்கிறது? அந்தச் சொல்லைச் சொன்னவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ‘சும்மா ஒரு வழக்கம்’ என்பார். அவருக்கு அது வழக்கம்; நமக்கு அது நாள் முழுவதும் வலி. அதே மாலையில் ஊருக்குத் திரும்பி, அருந்ததியர் ஒருவர் கடை வாசலில் நின்றபடி தேநீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நாம் பெஞ்சில் அமர்கிறோம். காலையில் வலித்தது மாலையில் நமக்கு வழக்கமாகிவிடுகிறது. அவர்களில் பலரின் வீட்டுமொழி தெலுங்கு அல்லது கன்னடம். அதாவது சிறுபான்மையாகிய நமக்குள் அவர்கள் ஒரு சிறுபான்மை. தனக்கு இழைக்கப்படும் அவமதிப்பை உணர்ந்தவர் பிறருக்கு அதைச் செய்யமாட்டார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று நம் ஊரே சாட்சி சொல்கிறது.

பணக்கூலியின் கணக்கையும் பார்ப்போம். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் தெருவிற்கு வந்தபோது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். ஒன்பது நாள் போராடி, போனசும் கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு பெற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் தலித் பெண்கள். எல்லாக் கட்சிகளின் தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் ஒதுக்கி வைத்தார்கள், நம்மவர்கள் உட்பட. கொழுந்து பறிக்கும் கை ஒருவருடையது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் கை வேறொருவருடையது என்ற நிலையைத்தான் அவர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டார்கள். அவர்களுள் பலரின் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதி. மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து. விமான விபத்தில் இறந்தோர் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 இலட்சமும், பெட்டிமுடிக் குடும்பங்களுக்கு 5 இலட்சமும் அறிவித்தன் பேரில் எழுந்த கேள்வியைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். யாரும் சாதி பார்த்து அந்தத் தொகையை நிர்ணயித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சலுகை அப்படி வேலை செய்வதில்லை. எவருடைய சாவு உடனே கண்ணுக்குத் தெரிகிறது, எவருடைய சாவு மெதுவாகத் தெரிகிறது என்ற பழக்கத்தின் வழியாக அது வேலை செய்கிறது. அதே லயங்களில் பிறந்த பிள்ளைகள் இன்றும் சாதிச் சான்றிதழுக்காக, 1950-க்கு முன்பே தம் முன்னோர் கேரளத்திற்கு வந்ததற்கான ஆவணம் தேடி அலைகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் வைக்கப்பட்ட பாட்டனிடம் பேரன் எந்த ஆவணத்தை வாங்குவான்?

நிலத்தின் பக்கம்

அட்டப்பாடியைச் சொல்லாமல் பாலக்காட்டு எல்லையைப் பற்றிப் பேச முடியாது. 1951-இல் அங்கு வாழ்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் பாதிக்கும் குறைவு. கேரளத்துச் சமவெளியிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் குடியேறியவர்களின் கைக்கு நிலம் போனது. குடியேறியவர்களில் பலர் ஏழைகள், உழைப்பாளிகள், நம் உறவினர்கள். அவர்களை நான் குற்றவாளிகள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நிலத்தில் விளைந்த வாழ்வு எவருடைய இழப்பின்மேல் எழுந்தது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

2018 பிப்ரவரி 22-ஆம் நாள், அரிசி திருடினார் என்று குற்றம் சாட்டி ஆதிவாசி இளைஞர் மதுவைக் கட்டிவைத்து அடித்தார்கள்; அவர் இறந்துபோனார். அடித்தவர்களில் ஒருவர் அதைத் தற்படமாக எடுத்துப் பரப்பினார். மன்னார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் 14 பேரைக் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்து, 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. அந்தத் தற்படம் என்னைச் சிந்திக்க வைக்கிறது. குற்றம் செய்கிறோம் என்று நினைப்பவர் முகத்தைக் காட்டிப் படம் எடுப்பதில்லை. தமக்கு அதைச் செய்யும் அதிகாரம் உண்டு என்று நம்பியவர்களால் மட்டுமே அப்படிச் சிரிக்க முடியும். தேநீர்க் கடையின் தனிக்குவளைக்கும் இந்தத் தற்படத்திற்கும் இடையே தொலைவு அதிகம். ஆனால் வழி ஒன்றுதான்.

கட்சியும் தன்னைத் தானே விசாரித்த ஒரு வழக்கும்

‘இதையெல்லாம் கட்சிக்குள் பேசினால் வர்க்க ஒற்றுமை சிதையாதா?’ என்று தோழர்கள் கேட்பதுண்டு. வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது.

1931 மார்ச் 1-ஆம் நாள் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சி தன் உறுப்பினர் ஒருவரையே பொதுமேடையில் விசாரித்தது. அவர் பெயர் ஆகஸ்ட் யோக்கினென். பின்லாந்திலிருந்து குடியேறிய தொழிலாளி. பின்லாந்துத் தொழிலாளர் மன்றத்தின் காவல், துப்புரவுப் பணியாளர். மன்றத்தில் நடந்த நடன விழாவிற்கு வந்த மூன்று கறுப்பினத் தொழிலாளர்கள் அவமதிக்கப்பட்டார்கள். அங்கிருந்த உறுப்பினர்கள் வாய் திறக்கவில்லை. காரணம் கேட்டபோது யோக்கினென், இன்று நடனத்திற்கு வருபவர்கள் நாளை மன்றத்தின் குளியலறைக்கும் வருவார்கள், அவர்களோடு குளிக்க எனக்கு விருப்பமில்லை என்றார். தண்ணீரிலும் குளியலிலும் தீட்டு என்னும் எண்ணம் கடல் கடந்தும் ஒன்றுபோலவே இருப்பதைக் கவனியுங்கள்.

நடுவர்களில் ஏழு பேர் கறுப்பினத்தவர், ஏழு பேர் வெள்ளையர். குற்றம் சாட்டிப் பேசியவர் வெள்ளையரான ஹாத்தவே. யோக்கினெனுக்காக வாதாடியவர் கறுப்பினத் தலைவர் ரிச்சர்டு மூர். இவர் ஒருவரை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு நாம் தூய்மையாகிவிட முடியாது, இந்த நஞ்சை ஊட்டிய சமுதாயமே முதல் குற்றவாளி என்பது மூரின் வாதம். யோக்கினென் நீக்கப்பட்டார். ஆனால் திரும்பி வரும் வழியும் சொல்லப்பட்டது: தன் மன்றத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டும், கறுப்பின உரிமைப் போராட்டத்தில் பங்கெடுக்க வேண்டும், கறுப்பர்களுக்கு உணவு தர மறுக்கும் உணவகத்திற்கு எதிராக நிற்க வேண்டும். வருந்துகிறேன் என்ற சொல் போதுமானதாகக் கருதப்படவில்லை, வேலை கொடுக்கப்பட்டது. அரசு அவரை நாடு கடத்த முயன்றபோது அதே கட்சி அவருக்காகப் போராடியது. அந்தக் காலத்தில்தான் கறுப்பின மக்கள் அந்தக் கட்சியை நோக்கி வரத் தொடங்கினார்கள்.

பொதுமேடை விசாரணையை நாம் பின்பற்ற வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதில் நாடகத்தன்மை இருந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு: ஆதிக்க உணர்வு தனிமனிதரின் சுபாவக் கோளாறு என்று விடப்படாமல் அமைப்பின் பிரச்சினையாகக் கொள்ளப்பட்டது, பரிகாரம் மனவருத்தத்தில் முடியாமல் செயலில் தொடங்கியது.

நம் மரபிலும் இதற்குச் சான்று உண்டு. கன்னடம் பேசும் பிராமணக் குடும்பத்தில் பிறந்த பி. சீனிவாசராவ் 1940-களில் தஞ்சைக்கு வந்து, சேரியில் உண்டு, சேரியில் உறங்கி, சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் பண்ணையாட்களைச் சங்கமாக்கினார். தமிழ்கூட அவருக்குச் சரளமாக வராது. பிறப்பால் கிடைத்த மேன்மையை அவர் மேடையில் மறுத்துப் பேசியதால் மக்கள் அவரை ஏற்கவில்லை. அதைத் தினமும் இழந்துகொண்டே இருந்ததால் ஏற்றார்கள். உத்தப்புரத்தில் மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் நடத்திய இயக்கத்தால் 2008 மே 6-ஆம் நாள் சாதிச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அன்று ஆதிக்க சாதியினர் குடும்ப அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டு வெளியேறி நின்றார்கள். ஆனால் 2011 நவம்பரில் தலித் மக்கள் அங்குள்ள கோயிலுக்குள் சென்றார்கள். சிதையும் என்று அஞ்சப்பட்டது ஊர் ஒற்றுமை. சிதைந்தது சுவர் மட்டுமே.

செய்ய வேண்டியவை

இனி, நாளைக் காலை முதல் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன்.

முதலாவது, கணக்கெடுப்பு. ஒவ்வொரு கிளையும் தன் ஊரின் தேநீர்க் கடை, முடிதிருத்தகம், குழாய், கோயில், சுடுகாடு, பள்ளிச் சத்துணவுப் பந்தி ஆகியவற்றில் நடைமுறை என்ன என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். எழுதும் குழுவில் அந்தப் பாகுபாட்டை அனுபவிப்பவர்கள் இருக்க வேண்டும். இல்லையேல், ‘இங்கே அப்படி ஒன்றுமில்லை’ என்ற அறிக்கைதான் வரும். கண்ணாடிக் குவளை போய்க் காகிதக் குவளை வந்துவிட்ட இடங்களில், அது எல்லோருக்கும் காகிதமா, சிலருக்கு மட்டும் காகிதமா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நாற்காலி. வட்டவடைக்குத் திரும்புகிறேன். ஒரு பொது முடிதிருத்தகம் திறக்கப்பட்ட பின், அருந்ததியர்கள் மட்டும் அங்கே வருவார்களானால், சில ஆண்டுகளில் அது ‘அவர்கள் கடை’ ஆகிவிடும். ஒதுக்கலுக்குப் பொதுப்பணத்தில் புதிய கட்டடம் கட்டியது போலாகும். அது உண்மையில் பொதுக்கடை ஆவது, ஆதிக்க சாதியில் பிறந்தவர்கள் அதே நாற்காலியில், அதே கத்தரியின் கீழ் அமரும் நாளில்தான். அது அருந்ததியர்கள் செய்யக்கூடிய வேலை அன்று. கவுண்டர், முதலியார், தேவர், ஈழவர், நாயர் குடும்பங்களில் பிறந்த நம் தோழர்கள் செய்ய வேண்டிய வேலை. தேநீர்க் கடைக்கும் இதுவே பொருந்தும். 1960 பிப்ரவரி 1-ஆம் நாள் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேடையில் அமர்ந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் வெள்ளை மாணவர் சிலரும் அவர்களோடு அமர்ந்தார்கள். ஆறு மாதத்திற்குள் அந்தக் கடை பணிந்தது. ‘இவர்களுக்கு ஊற்றினால் மற்றவர் வரமாட்டார்’ என்று கடைக்காரர் சொல்கிறாரே, அந்த ‘மற்றவர்’ நாமே. நாம் எழுந்து நின்று ‘எனக்கும் அதே குவளை’ என்றால் அவருடைய வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, சட்டம். கடையில் பொருளோ சேவையோ மறுப்பது 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியிருக்கிறது. ‘ஊர் அமைதி கெடும், சமாதானமாகப் போங்கள்’ என்று பாதிக்கப்பட்டவரிடம் சொல்லும் வேலையை எந்தத் தோழரும் இனி ஏற்கக் கூடாது. புகார் கொடுக்கப் போகிறவருடன் காவல் நிலையம் வரை நடந்து செல்வதே நம் வேலை. சான்றிதழுக்காக அலையும் பிள்ளைகளுக்குப் பழைய தோட்டப் பதிவேடுகளையும் பள்ளிப் பதிவேடுகளையும் தேடித் தருவதும் அதில் அடங்கும்.

நான்காவது, அமைப்பு. நம் கிளைகளிலும் சங்கங்களிலும் அருந்ததியர், ஆதிவாசி, தோட்டப் பெண் தொழிலாளர் எத்தனை பேர் உறுப்பினர், எத்தனை பேர் செயலாளர் என்று இரண்டு பத்திகளாக எழுதிப் பாருங்கள். முதல் பத்தி நிறைந்தும் இரண்டாம் பத்தி வெறுமையாகவும் இருந்தால், மூணாற்றுப் பெண்கள் கேட்ட கேள்வி நமக்கும் உரியது. கூட்டத்தில் அவர்கள் பேசும்போது இடைமறித்து ‘தோழர் சொல்ல வருவது என்னவென்றால்’ என்று விளக்கம் சொல்லும் பழக்கத்தையும் விட வேண்டும். தோழர் சொல்ல வருவதைத் தோழரே சொல்வார்.

ஐந்தாவது, வீடு. சாதி மறுத்து மணந்தவர்களுக்கு முதல் இரவில் அடைக்கலம் தரும் வீடு தோழரின் வீடாக இருக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களை எந்த விகுதியில் அழைக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘வாங்க’ என்ற ஒரு சொல்லுக்குச் செலவு ஏதுமில்லை. ஆனாலும் எத்தனையோ வீடுகளில் அது இன்னும் கூலியைவிடக் கடினமாகவே வெளிவருகிறது.

இவற்றைச் செய்யும்போது நாம் சிலவற்றை இழப்போம். உறவினரின் கல்யாணப் பத்திரிகை வராமல் போகலாம். ஒரு வார்டில் வாக்குகள் குறையலாம். ‘இவன் கட்சிக்காரன் ஆனபிறகு கெட்டுப்போனான்’ என்று ஊர் சொல்லலாம். இந்த இழப்பு நேராதவரை, நம்மிடமிருந்த இரண்டாவது கூலியை நாம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்றுதான் பொருள். அந்தக் கூலியை வாங்கிக்கொண்டே முதல் கூலிக்காக ஒன்றுபட்டுப் போராடலாம் என்ற கணக்கு அமெரிக்காவிலும் பலிக்கவில்லை, தஞ்சையிலும் பலிக்கவில்லை, கோவிந்தாபுரத்திலும் பலிக்காது.

அடுத்த வகுப்பிற்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் தன் ஊர்க் கணக்கெடுப்பைக் கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு நான் குறைவாகவே பேசுவேன். காலனியிலிருந்தும் லயத்திலிருந்தும் ஊரிலிருந்தும் வரும் தோழர்கள் பேசட்டும்; மற்றவர்கள் குறிப்பெடுப்போம்.